கார்ட்லெஸ் டிரில் பேட்டரி மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

கார்ட்லெஸ் டிரில், இம்பாக்ட், சின்ன கிரைண்டர் என்று எது நின்றாலும் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். பல நேரம் அது சரிதான். ஆனால் ‘பேட்டரி போச்சு’ என்பது ஒரே ஒரு பழுதின் பெயர் இல்லை. 18 வோல்ட் லித்தியம் பேக் ஒன்றைத் திறந்தால் உள்ளே 5 செல்லோ 10 செல்லோ இருக்கும். அவற்றைக் கண்காணிக்க ஒரு போர்டு, சூட்டை அளக்க ஒரு சென்சார், மெஷினோடு தொட்டுக்கொள்ள நாலைந்து உலோகத் தகடுகள். இதில் எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: மெஷின் சுற்றாது. எது கெட்டது என்று பார்க்காமல் கடைக்கு ஓடிப் புது பேக் வாங்குகிறவர்கள் நிறைய பேர். பழைய பேக்கில் தகட்டைத் துடைத்திருந்தாலே போதும் என்ற நிலையிலும் அந்தச் செலவு நடக்கிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே செத்துப்போன செல்லை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று போராடி ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: பேக்கைக் காப்பாற்றப் பாடுபடுங்கள், செத்த செல்லைக் காப்பாற்றப் பாடுபடாதீர்கள்.

கையில் என்ன பேக் இருக்கிறது?

லேபிளைப் பாருங்கள். லித்தியம் அயான் என்றால் ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 12 வோல்ட் என்று விற்கும் சின்ன பேக்கில் 3 செல் வரிசையாக இருக்கும், முழுதாக ஏறினால் 12.6 காட்டும். 18 வோல்ட் பேக்கில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக 5 படி, முழுதாக ஏறினால் 21. ஒவ்வொரு படியையும் இனி வரிசை என்கிறேன். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போட்டு விற்பதும் அதே 5 வரிசைதான். ஒருவர் சராசரியை அச்சடிக்கிறார், இன்னொருவர் முழுச் சார்ஜை அச்சடிக்கிறார். 2 ஏ.எச். (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பேக்கில் பெரும்பாலும் வரிசைக்கு ஒரு செல். 4, 5 ஏ.எச். பேக்குகளில் வரிசைக்கு இரண்டு செல் ஜோடியாக இருக்கும். இப்போது வரும் சிலவற்றில் கொஞ்சம் தடிமனான 21700 ரகச் செல்லை வைத்து ஒன்றிலேயே முடித்துவிடுகிறார்கள்.

நிக்கல் காட்மியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று போட்டிருந்தால் செல்லுக்கு 1.2 வோல்ட். 12 வோல்ட் பேக்கில் 10 செல், 14.4 வோல்ட்டில் 12, 18 வோல்ட்டில் 15. இவற்றுக்கு வைத்தியமே வேறு, அதற்குத் தனியாக வருகிறேன்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பேக்கைத் திறக்க நட்சத்திர பிட் (பல பேக்குகளில் ஸ்க்ரூவின் நடுவே ஊசி நிற்கும், அதற்கு நடுவில் துளையுள்ள பிட் வேண்டும்), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இன்சுலேஷன் டேப். மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் மோதிரம் பழுத்துவிடும்.

சார்ஜரில் விளக்கே எரியவில்லை

பேக் இல்லாமல் சார்ஜரை மட்டும் பிளக்கில் போடுங்கள். அப்போதும் விளக்கு இல்லையென்றால் பேட்டரி மேல் குற்றமே இல்லை. சாக்கெட், ஒயர், சார்ஜரின் ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் என்றால் சார்ஜரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே அது வெடித்திருக்கும். ஜப்பான் சார்ஜர் என்றால் 100 வோல்ட். அந்த பேக்கும் மெஷினும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே கம்பெனியின் 230 வோல்ட் சார்ஜரை இங்கே வாங்கினால் போதும்.

சார்ஜர் மறுக்கிறது, சிவப்பு விளக்கு மின்னுகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். அவசரப்பட்டுத் தூக்கி எறியப்படும் பேக்குகளும் இந்த வகையில்தான் அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சூடு. லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழும், சுமார் 45 டிகிரிக்கு மேலும் ஏற்றக் கூடாது. நல்ல சார்ஜர் பேக்கிலுள்ள சென்சாரைக் கேட்டுவிட்டுத்தான் மின்சாரத்தை விடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேலை பார்த்துவிட்டு, தகர ஷெட்டுக்குள் வைத்த சார்ஜரில் உடனே செருகினால் அது மறுப்பதுதான் முறை. நிழலில் காற்றோட்டமாக அரை மணி, முக்கால் மணி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோக்கும். ஆறிய பின்னும் அதே கதை என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது தகடுகள். சிமெண்ட் தூசி, மரத்தூள், வியர்வை எல்லாம் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சாலோ பழைய டூத் பிரஷ்ஷாலோ துடையுங்கள். பிளஸ், மைனஸ் தகடுகளை மட்டுமல்ல, நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளையும் துடைக்க வேண்டும். சார்ஜர் பேக்கோடு ‘பேசுவது’ அவற்றின் வழியாகத்தான். சார்ஜர் பக்கம் உள்ள பின்களையும் பாருங்கள். ஒரு பின் வளைந்து உள்ளே போயிருந்தாலும் இதே சிவப்பு விளக்குதான்.

மூன்றாவது, மொத்த வோல்ட். மீட்டரை டி.சி.யில் வைத்து பேக்கின் பிளஸ், மைனஸ் தகடுகளில் அளங்கள். 18 வோல்ட் பேக்கில் 15க்கு மேல் இருந்தால் செல்கள் மொத்தத்தில் உயிரோடு இருக்கின்றன, சிக்கல் சென்சாரிலோ போர்டிலோ வரிசைகளின் ஏற்றத்தாழ்விலோ இருக்கிறது. 10, 12 என்று காட்டினால் ஏதோ ஒன்றிரண்டு வரிசை விழுந்திருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். மலிவு ரக பேக்குகள் பலவற்றில் போர்டு வெளிவாசலையே மூடிவிடும். வெளியே 0, உள்ளே 17 என்று இருக்கும். போர்டு தன்னை விடுவித்துக்கொள்ள ஒருமுறை சார்ஜரில் செருகினாலே போதும் என்ற வகையும் உண்டு.

நான்காவதாகத்தான் பேக்கைத் திறப்பது. உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், திறந்த பேக்கை ஏற்க மாட்டார்கள். இல்லையென்றால் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். செல் கூட்டைத் தூக்கி வெளியே வைத்ததும் ஒவ்வொரு வரிசையாக அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து எண்கள் வரும். முழு நோயறிதலும் இந்த ஐந்து எண்களுக்குள் இருக்கிறது.

எல்லாம் 3 வோல்ட்டுக்கு மேல், ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் என்றால் செல்கள் நலம். சென்சாரைப் பாருங்கள். செல்களோடு ஒட்டிவைத்த ஒரு சின்ன மணி, இரண்டு மெல்லிய ஒயர். பெரும்பாலான பேக்குகளில் அறைச் சூட்டில் சுமார் 10 கிலோ ஓம் காட்டும், விரலால் பிடித்தால் மெல்ல இறங்கும். ஒயர் அறுந்திருந்தால் சார்ஜர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு ஏற்ற மறுக்கும். ஒயரை மறுபடி பற்றவைத்தால் பேக் எழுந்துவிடும்.

நான்கு வரிசை 3.6, ஒன்று மட்டும் 2.7 என்று வந்தால் அது ஏற்றத்தாழ்வு. சில பேக்குகளில் போர்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே ஒரு வரிசையிலிருந்து மட்டும் உறிஞ்சும். பல மாதம் சும்மா கிடந்தால் அந்த வரிசை மட்டும் காலியாகும். செல்லில் குறையே இல்லாமல் வரும் பழுது இது, இதைச் சரிசெய்யலாம்.

அந்த எண் 2க்குக் கீழே இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. லித்தியம் செல்லின் மைனஸ் பக்கத் தகடு செம்பு. வோல்ட் மிகவும் விழுந்தால் அந்தச் செம்பு கரைந்து உள்ளிருக்கும் திரவத்தில் கலக்கிறது. மறுபடி ஏற்றும்போது கண்ட இடத்தில் உலோகமாகப் படிகிறது. அன்றைக்கு நன்றாக ஏறும், வேலையும் செய்யும். பிறகு ஒரு நாள் சார்ஜரில் இருக்கும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ‘நான் எழுப்பினேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்களைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்டவை தராசு முனையில் நிற்பவை. அண்மையில்தான் இறங்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். ஒரு வருஷம் அலமாரியில் கிடந்ததென்றால் வேண்டாம்.

விழுந்த வரிசையைத் தூக்கிவிடுவது

சரி, ஒரு வரிசை 2.5க்கு மேல், மற்றவை அதற்கும் மேல். இப்போது அந்த ஒன்றை மட்டும் தனியாக ஏற்ற வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒற்றை லித்தியம் செல்லை ஏற்றும் டி.பி.4056 மாட்யூல் மிக மலிவாகக் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிட்சி தெரு இருக்கிறது. செல்போன் சார்ஜரில் ஓடும். செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் சொட்டுச் சொட்டாக ஏற்றும், அதற்கு மேல் வந்ததும் சுமார் 1 ஆம்பியர் விடும், 4.2இல் நிறுத்திக்கொள்ளும். இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

பேக் மெஷினிலும் இருக்கக் கூடாது, சார்ஜரிலும் இருக்கக் கூடாது. மாட்யூலின் பிளஸ், மைனஸை அந்த ஒரு வரிசையின் இரு முனைகளில் மட்டும் இணையுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டு மாட்யூலை எடுத்து இரண்டு வரிசையை ஒரே நேரத்தில் ஏற்றலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. இரண்டின் மைனஸும் அடாப்டர் வழியாக ஒன்றாகிவிடுவதால் நடுவில் இருக்கும் செல் நேராக ஷார்ட் ஆகும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

4.2 வரை போக வேண்டியதில்லை. கூடப்பிறந்த நான்கும் 3.6இல் நின்றால் இதையும் 3.6க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஏறும் நேரம் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடானால் உடனே கழற்றி வெளியே கொண்டுபோக வேண்டியதுதான். எல்லாம் சமமானதும் கம்பெனி சார்ஜரில் போடுங்கள். முழுதாக ஏறிய பின் ஐந்து எண்களையும் மறுபடி எழுதுங்கள். ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு மூன்றாம் முறை எழுதுங்கள். அதே வரிசை மட்டும் மறுபடி சரிந்திருந்தால் அந்தச் செல் உள்ளுக்குள் கசிகிறது. அதற்கு மருந்து கிடையாது, செல்களை மாற்றுவதுதான் வழி.

நல்ல பேக்கின் பிளஸ்ஸை விழுந்த பேக்கின் பிளஸ்ஸோடு, மைனஸை மைனஸோடு ஒயரால் இணைத்து ‘ஜம்ப்’ செய்யும் வீடியோக்கள் ஏராளம். அந்த ஒயரில் ஓடும் மின்சாரத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எந்த வரிசை விழுந்திருக்கிறது என்று பார்க்காமலேயே மொத்த பேக்குக்குள்ளும் அது பாய்கிறது. நன்றாக இருக்கும் வரிசைகள் அளவுக்கு மீறி ஏறக்கூட வாய்ப்பு உண்டு. நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இன்னொன்று. சில கம்பெனிகளின் போர்டு, தோற்றுப்போன சார்ஜ் முயற்சிகளைக் கணக்கு வைத்திருந்து ஒரு கட்டத்தில் தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். செல்கள் ஐந்தும் சமமாக, நல்ல வோல்ட்டில் இருந்தும் சார்ஜர் மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்த நிலையில் புதுச் செல் போட்டாலும் பயனில்லை, போர்டையும் மாற்ற வேண்டும். அதனால்தான் சிவப்பு மின்னும் பேக்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள் என்கிறேன். ஒருமுறை மறுத்தால் துடைத்து, ஆறவிட்டு, இன்னொருமுறை. அப்புறம் மீட்டர்.

முழுதாக ஏறுகிறது, சீக்கிரம் காலியாகிறது

எப்போதும் ஒரு மணி எடுக்கும் பேக் இருபது நிமிடத்தில் பச்சை காட்டுகிறதா? கொள்ளளவு சுருங்கிவிட்டது, அல்லது ஒரு வரிசை மற்றவற்றுக்கு முன்பே 4.2ஐத் தொட்டு மொத்தச் சார்ஜையும் நிறுத்திவிடுகிறது. பலவீனமான வரிசை முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். ஏறிய உடனே ஒருமுறையும், மெஷின் நின்ற உடனே ஒருமுறையும் ஐந்து எண்களை எடுத்தால் அது யார் என்று தெரிந்துவிடும்.

மொத்தமாக எவ்வளவு மிச்சம் என்று அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு இரண்டை வரிசையாக இணைத்து 18 வோல்ட் பேக்கில் கொடுங்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். 2 ஏ.எச். பேக் புதிதாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். 40 நிமிடத்தில் 15 வோல்ட்டுக்கு இறங்கினால் கொள்ளளவு பாதிதான் மிச்சம். மீட்டரை மாட்டிவைத்து 15இல் நீங்களே கழற்ற வேண்டும், ஏனென்றால் பல பேக்குகளில் அடிமட்டத்தில் நிறுத்தும் பாதுகாப்பு மெஷினுக்குள் இருக்கிறது, பேக்கில் இல்லை. பல்பை எரியவிட்டுவிட்டு டீக்குடிக்கப் போனால் நல்ல பேக்கும் செத்துவிடும். பல்பு கொதிக்கும், மேஜைத் துணி மேல் வைக்காதீர்கள்.

பாதிக்குக் கீழே போன பேக்கைச் சமன்செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது வயசு. அடிக்கடி ஏற்றி இறக்கினாலோ, ஃபிரீசரில் வைத்து எடுத்தாலோ லித்தியம் செல்லின் கொள்ளளவு திரும்பி வராது.

சும்மா சுற்றுகிறது, அழுத்தினால் நின்றுவிடுகிறது

பிட் இல்லாமல் விசையை அழுத்தினால் கம்பீரமாகச் சுற்றும். தேக்கில் வைத்து அழுத்தினால் ஒரு சுற்றிலேயே நின்றுவிடும். வோல்ட் அளந்தால் 20 காட்டும். பலரைக் குழப்புவது இது. இங்கே குறைந்தது கொள்ளளவு இல்லை, செல்லின் உள்தடை (மின்சாரம் ஓடும்போது செல்லே தரும் எதிர்ப்பு) கூடிவிட்டது.

நல்ல டிரில் செல்லின் உள்தடை சுமார் 20 மில்லி ஓம். ஐந்து வரிசைக்கு 100. கடினமான வேலையில் 20 ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் உள்ளேயே போகும், 20 என்பது 18 ஆகும், மெஷின் கவலைப்படாது. அதே செல் களைத்து 60 மில்லி ஓம் ஆனால் மொத்தம் 300. அதே 20 ஆம்பியருக்கு 6 வோல்ட் சரிந்து 14 ஆகும். மெஷின் ‘பேட்டரி காலி’ என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். விசையை விட்டவுடன் வோல்ட் மறுபடி 20க்கு ஏறிவிடுவதால் மீட்டரில் ஒன்றும் தெரியாது.

பாரம் கொடுத்து அளந்தால்தான் தெரியும். இந்தமுறை 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டை வரிசையாக இணையுங்கள், சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பல்பு எரிவதற்கு முன்பு ஒரு அளவு, எரியும்போது பேக்கின் தகட்டிலேயே ஒரு அளவு. வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் பேக் நலம். 1 வோல்ட்டைத் தாண்டினால் களைத்துவிட்டது. வரிசைக்கு இரண்டு செல் உள்ள பேக்கில் இந்த வித்தியாசம் இன்னும் பாதியாக இருக்க வேண்டும்.

பேக் நலம் என்று வந்தால் மெஷினைப் பாருங்கள். மெஷின் பக்கத் தகடுகள் தளர்ந்து தீய்ந்த நிறத்தில் இருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருக்கும், அல்லது சுவிட்ச் உள்ளே கருகியிருக்கும். கார்பன் பிரஷ்ஷுக்கு ஆகும் சில்லறைச் செலவோடு முடியும் வேலைக்கு முழு பேக் வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்களிடமோ நண்பரிடமோ அதே ரகத்தில் இன்னொரு பேக் இருந்தால் எல்லாச் சோதனைக்கும் முன்னால் அதை மாட்டிப் பார்ப்பதே நல்லது.

பழைய நிக்கல் பேக்குகள்

தச்சு வேலைக்காரர்களின் பெட்டியில் இன்னும் இவை இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2017 தொடக்கத்திலிருந்து கார்ட்லெஸ் மெஷின்களுக்கு நிக்கல் காட்மியம் பேக் விற்பதையே தடை செய்துவிட்டது. காட்மியம் நச்சு உலோகம். ஆகவே புதிது கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது.

‘மெமரி’ வந்துவிட்டது என்று இவற்றைப் பற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் அது நாள்கணக்கில் சார்ஜரிலேயே விட்டதால் வந்த சோர்வு. மெஷினின் வேகம் நன்றாகக் குறையும் வரை ஓட்டி, அங்கே நிறுத்தி, முழுதாக ஏற்றினால் இரண்டு மூன்று சுற்றில் ஓரளவு திரும்பும். மோட்டார் நிற்கும் வரை, பல்பு அணையும் வரை என்று இறக்காதீர்கள். முதலில் காலியாகும் செல்லை மற்ற செல்கள் பிளஸ் மைனஸ் மாறும்படி தலைகீழாகத் திருப்பிவிடும், அதோடு அது போய்விடும். ஏற்றத்தாழ்வு இருந்தால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் 14 முதல் 16 மணி நேரம் மெதுவாக ஏற்றுவது உதவும். 1.3 ஏ.எச். பேக் என்றால் 130 மில்லி ஆம்பியர். நிக்கல் இந்தச் சிறு மிகையைத் தாங்கும். லித்தியம் தாங்காது, அதில் இப்படிச் செய்யவே கூடாது.

ஒரு செல் 0 காட்டினால் உள்ளே ஊசிபோல் படிகம் வளர்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. கார் பேட்டரியால் ஒரு அதிர்ச்சி கொடுத்து அந்த ஊசியை எரிப்பது பழைய கைவைத்தியம். எரியும், செல்லும் எழும். ஆனால் நடுத்தடுப்பில் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான், சில வாரத்தில் மறுபடி படுக்கும். செல் வெடித்துக் காரம் தெறிக்கும் ஆபத்தும் உண்டு. முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது கசிந்த காரம். கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைக்கலாம்.

மெஷின் நன்றாக இருந்தால் லித்தியத்துக்கு மாற்றிவிடுவது என் விருப்பம். 12 வோல்ட்டுக்கு 3 வரிசை, 14.4க்கு 4, 18க்கு 5. மெஷினின் இழுவையைத் தாங்கும் பி.எம்.எஸ். போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் போர்டு) கட்டாயம் வேண்டும். பழைய நிக்கல் சார்ஜரை அன்றே கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் யாராவது தெரியாமல் அதில் செருகினால் தீப்பிடிக்கும்.

நாற்றம், கொதிக்கும் சூடு, சீறல்

இங்கே நோயறிதல் கிடையாது. நெயில் பாலிஷ் போல இனிப்பும் காட்டமுமாக ஒரு நெடி வந்தால் செல் கசிகிறது. சார்ஜரில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தொட முடிகிற சூடு என்றால் பேக்கைத் திறந்த வெளியில், தரையில், எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். தொட முடியாத சூடோ, புகையோ, சீறும் சத்தமோ இருந்தால் கையில் எடுக்காதீர்கள். ஆட்களை வெளியேற்றித் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. கீழே விழுந்து நசுங்கிய பேக்கையும், வெள்ளத்தில் மூழ்கிய பேக்கையும் காயவைத்துப் பயன்படுத்துவது என்ற பேச்சே வேண்டாம்.

செல் மாற்றுவது என்று முடிவெடுத்தால்

எல்லாச் செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள். கெட்ட ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதை வைத்தால் பழைய நான்கும் புதியதும் ஒரே வேகத்தில் ஓடாது. சில மாதத்தில் மறுபடி அதே ஏற்றத்தாழ்வு வரும். லேப்டாப் பேக்கிலிருந்து பிரித்த செல்லும் வேண்டாம். அவை சில ஆம்பியருக்குச் செய்தவை, டிரில் கேட்பது 20. 18650 என்ற வழக்கமான அளவுச் செல்லில் சாம்சங் 25ஆர் 2500 மில்லி ஆம்பியர் அவர், 20 ஆம்பியர் தாங்கும். எல்.ஜி. எச்.ஜி.2 3000, அதுவும் 20 தாங்கும். இந்த ரகம்தான் வேண்டும். இந்த அளவுச் செல்லில் உலகின் நல்ல தயாரிப்பே பெரும்பாலும் 3500ஐ ஒட்டித்தான் வருகிறது. அட்டையில் 9900 என்று அச்சடித்த செல் பொய். கையில் எடுத்தாலே தெரியும். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி அதைவிட நன்றாகக் குறையும்.

லித்தியம் செல் முனையில் நேராகச் சால்டரிங் வைக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பைக் கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே நல்லது. எலெக்ட்ரிக் பைக் பேட்டரி கட்டுபவர்கள் பலர் இதைச் செய்து தருகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. போடும் பட்டை தூய நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா? ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும். பிளஸ் முனையைச் சுற்றி அட்டை வளையம் போடுகிறாரா? செல்லின் உடம்பு முழுக்க மைனஸ், பிளஸ்ஸின் விளிம்புக்கும் அதற்கும் நடுவே இருப்பது மெல்லிய உறை மட்டும்தான். கட்டுவதற்கு முன் புதுச் செல்கள் எல்லாம் ஒரே வோல்ட்டில் இருக்கின்றனவா என்று அளக்கிறாரா? போர்டை இணைக்கும்போது மைனஸிலிருந்து தொடங்கி வரிசைப்படி மேலே போகிறாரா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

புது பேக் வாங்குவது

நல்ல செல், கூலி, போர்டு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2 ஏ.எச். பேக்குக்குச் செல் மாற்றுவது பல நேரம் லாபமில்லை. 5 ஏ.எச். பேக், அல்லது கம்பெனியே கைவிட்ட மாடல் என்றால் மாற்றுவது அர்த்தமுள்ளது.

புதிதாக வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் பல பேக்குகளைப் பிரித்தால் உள்ளே அதே 5 வரிசைதான். மீட்டர் வைத்தால் 21க்கு மேல் போகாது. 5 ஏ.எச். என்று சொல்லும் நல்ல பேக் அரைக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ கனக்கும். கையில் லேசாக இருந்தால் அதில் 5 சின்னச் செல்தான் இருக்கிறது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கடையிலேயே மீட்டர் வைத்து, 15 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்குவதானால், தனி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் அவர் (வோல்ட்டை ஏ.எச்.சால் பெருக்கினால் வருவது) வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவைப்படாது. 18 வோல்ட், 5 ஏ.எச். பேக் 90 வாட் அவர், ஆகவே வரும். 6 ஏ.எச். என்றால் 108, முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

வாங்கியதை நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பாதிச் சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சில மெஷின்கள் சும்மா இருக்கும்போதும் துளித்துளியாக உறிஞ்சும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து விளக்கைப் பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கழித்துக்கட்டிய பேக்கையும் செல்லையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கினாலே தீப்பிடிக்கும். முனைகள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிலையத்தில் கொடுக்கலாம்.